பொருள் எண்ணும் பார்கோடும்: எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும்

புதிதாகப் பொருள் விற்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கையில் ஒரு பார்கோடு படம் இருக்கும். ஏதோ ஒரு தளத்தில் மனதுக்குத் தோன்றிய இலக்கங்களைத் தட்டி, வந்த படத்தை இறக்கி வைத்திருப்பார்கள். "இது எந்தப் பொருளுக்கு?" என்று கேட்டால், "அதை இனிமேல்தான் முடிவு பண்ணணும்" என்பார்கள். கல்யாணம் ஆகுமுன் பிள்ளைக்குப் பெயர் வைத்த கதைதான்.

செய்ய வேண்டிய வரிசை வேறு. முதலில் பொருள் பட்டியல், பிறகு எண், பிறகு அந்த எண்ணை எக்செல் தாளில் பிழையில்லாமல் பதிவது. அதற்கு அப்புறம்தான் கோடு. அச்சும் சோதனையும் கடைசி. இந்த வரிசையில் போனால் வேலை ஒரு நாளில் முடியும். மாற்றிச் செய்தால் ஒட்டிய ஸ்டிக்கரை எல்லாம் உரித்து எடுக்க வேண்டி வரும்.

1. எண் வேறு, கோடு வேறு

ஐந்து என்ற எண்ணை 5 என்றும் எழுதலாம், ௫ என்றும் எழுதலாம். எழுத்து மாறினாலும் மதிப்பு ஒன்றுதான். பார்கோடும் அப்படி ஒரு எழுத்துமுறை. மனிதக் கண்ணுக்குப் பதிலாக ஸ்கேனரின் கண்ணுக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே அச்சாகியிருக்கும் இலக்கங்களும் மேலே இருக்கும் கோடுகளும் சொல்வது ஒரே செய்தி.

கடையில் பில் போடும் சாதாரணக் கோட்டில், அந்தச் செய்திக்குள் விலை இல்லை, பொருளின் பெயர் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஸ்கேனர் எண்ணைப் படித்து பில் போடும் மென்பொருளுக்கு அனுப்புகிறது. மென்பொருள் தன் பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பெயரையும் விலையையும் எடுத்துக் காட்டுகிறது. விலை மாறினால் பட்டியலில் மாற்றினால் போதும், ஸ்டிக்கரைத் தொட வேண்டாம்.

"பார்கோடு வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைக் கையால் தட்டிப் பாருங்கள். தட்டினாலும் பொருள் வரவில்லை என்றால் கோளாறு பட்டியலில் இருக்கிறது. தட்டினால் வருகிறது, ஸ்கேன் செய்தால் வரவில்லை என்றால் கோளாறு அச்சிலோ ஸ்கேனர் அமைப்பிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடையிலேயே எடை போட்டு ஒட்டும் பொருள்களுக்கு 20 முதல் 29 வரை தொடங்கும் 13 இலக்க எண்கள் பயன்படுகின்றன. அவற்றில் எடையையோ தொகையையோ எண்ணுக்குள்ளேயே நுழைப்பதுண்டு. அந்த எண்களுக்கு அந்தக் கடைக்கு வெளியே எந்த அர்த்தமும் கிடையாது.

2. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பொருள் பட்டியல் முழுமையாக வேண்டும். அளவு, நிறம், பொதி வாரியாகப் பிரித்து எழுதியது. எத்தனை எண் தேவை என்பது இதைப் பொறுத்தது.

எங்கே விற்கப் போகிறீர்கள் என்ற முடிவு வேண்டும். உங்கள் கடைக்குள் மட்டும் என்றால் நீங்களே எண் போட்டுக்கொள்ளலாம். பிறர் கடையிலோ இணையச் சந்தையிலோ போகும் பொருளுக்கு உலகப் பொது எண் வேண்டும், அதை முறைப்படி வாங்க வேண்டும்.

பொட்டலத்தில் கோட்டுக்கு ஒதுக்கக்கூடிய இடத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிரிண்டரின் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி போடும்) என்ன என்றும் பார்த்து வையுங்கள். இந்த இரண்டையும் முன்கூட்டியே கேட்டால் எல்லோரும் "அதெல்லாம் அப்புறம்" என்பார்கள். 10ஆம் படிக்கு வரும்போது ஏன் கேட்டேன் என்று புரியும்.

ஒரு நிஜ ஸ்கேனரும் வேண்டும், இரவலாகவாவது. கைபேசி மட்டும் போதாது.

3. பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஜிடிஐஎன் என்பது உலக வணிகப் பொருள் எண். இதை நிர்வகிப்பது ஜிஎஸ்1 என்ற அமைப்பு. இந்த எண் 8, 12, 13, 14 இலக்கம் என நான்கு நீளங்களில் வரும். யுபிசி என்று பேச்சில் சொல்வது 12 இலக்க வகையை, ஈஏஎன் என்று சொல்வது 13 இலக்க வகையை. சிறிய பொட்டலங்களுக்கு 8, அட்டைப்பெட்டிகளுக்கு 14. ஒரு படிவத்தில் ஜிடிஐஎன் என்றும் இன்னொன்றில் ஈஏஎன் என்றும் கேட்டால் இரண்டு வெவ்வேறு எண்களைத் தேடி அலைய வேண்டாம். ஒரே எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

எஸ்கேயு வேறு கதை. அது நீங்களே உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளும் உள்குறி. எழுத்தும் எண்ணும் கலக்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு கடைகள் இரண்டு எஸ்கேயு வைத்திருக்கலாம், ஜிடிஐஎன் மட்டும் இரண்டிடத்திலும் ஒன்றாகவே இருக்கும்.

மாடல் எண் தயாரிப்பாளர் வைப்பது. தொகுதி எண் ஒரே தடவையில் தயாரான சரக்கு முழுவதற்கும் பொது. வரிசை எண் ஒவ்வொரு தனி உருப்படிக்கும் வேறு. "என்னிடம் 500 துண்டு இருக்கிறது, 500 எண் வாங்கணுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். 500ம் ஒரே மாதிரி என்றால் 500க்கும் ஒரே ஜிடிஐஎன். துண்டு துண்டாகப் பின்தொடர வேண்டுமென்றால் அதற்கு வரிசை எண்ணைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் இருக்கிறது. 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கம், 978 அல்லது 979ல் தொடங்கும். அதுவே அந்தப் புத்தகத்தின் ஜிடிஐஎன் ஆகவும் செல்லும். பழைய 10 இலக்க ஐஎஸ்பிஎன்னை மாற்றும்போது முன்னால் 978 சேர்த்துவிட்டுக் கடைசி இலக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. பழையதன் கடைசி இலக்கம் வேறொரு கணக்கில் வந்தது. அதை எடுத்துவிட்டு, 6ஆம் படியில் சொல்லும் கணக்கில் புதிதாகப் போட வேண்டும்.

4. எது தனிப் பொருள் என்று முடிவு செய்யுங்கள்

வாங்குகிறவர் "இது வேண்டாம், அது கொடுங்கள்" என்று சொல்லக்கூடிய இடமெல்லாம் ஒரு தனி எண் வேண்டும். நீலச் சட்டையும் பச்சைச் சட்டையும் வேறு. நீலத்திலேயே 38ம் 40ம் வேறு. 3 நிறம், 4 அளவு என்றால் 12 எண். இதை மூன்றாகவே கணக்குப் போட்டுவிட்டு, பின்னால் எந்த அளவு தீர்ந்தது என்று தெரியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே எண் உள்ள பொருளில் மாற்றம் செய்தால் எண்ணும் மாற வேண்டுமா என்ற கேள்வி வரும். பொட்டலத்தில் அறிவித்த நிகர அளவு மாறினால் புது எண் வேண்டும். பிராண்ட் பெயர் மாறினாலும், ஒரு பொதிக்குள் எத்தனை உருப்படி என்பது மாறினாலும் அப்படியே. பொட்டலத்தின் அகலம், உயரம், மொத்த எடை போன்ற ஏதாவது ஒன்று 20 சதவீதத்துக்கு மேல் மாறினாலும் புது எண்தான். உறையின் படத்தை மட்டும் கொஞ்சம் அழகுபடுத்தினால் பழைய எண்ணே போதும்.

5. எண்ணைப் பெறுங்கள்

உள்கடைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றால் 20 முதல் 29 வரை தொடங்கும் எண்களில் நீங்களே வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம், அல்லது வெறும் எஸ்கேயுவையே கோடாக்கலாம். வெளியே போகும் பொருளுக்கு ஜிஎஸ்1 கிளையில் பதிந்து நிறுவன முன்னொட்டு, அதாவது உங்கள் நிறுவனத்துக்கென்று ஒதுக்கும் தொடக்க இலக்கங்கள், வாங்க வேண்டும்.

13 இலக்க எண்ணின் கட்டமைப்பு இதுதான்: முதலில் நிறுவன முன்னொட்டு, அடுத்து பொருளுக்கான பகுதி, கடைசி ஓர் இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் இரண்டும் சேர்ந்து 12 இலக்கம். ஆகவே 9 இலக்க முன்னொட்டு கிடைத்தால் பொருளுக்கு மீதி 3 இலக்கம், அதாவது 000 முதல் 999 வரை 1,000 பொருள். 7 இலக்க முன்னொட்டு என்றால் 1,00,000 பொருள். 4ஆம் படியில் கணக்குப் போடச் சொன்னது இந்த இடத்துக்காகத்தான்.

பொருள் பகுதியை 000, 001, 002 என்று வரிசையாகக் கொடுங்கள். சிலர் முதல் இலக்கம் வகைக்கு, இரண்டாவது நிறத்துக்கு என்று அதற்குள் அர்த்தம் திணிப்பார்கள். பத்தாவது நிறத்துக்கு அப்புறம் பதினொன்றாவது வந்ததும் அந்த ஏற்பாடு கவிழ்ந்துவிடும். அர்த்தம் வேண்டுமென்றால் எஸ்கேயுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும் என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் அவ்வப்போது சுற்றும். 890 என்றால் அந்த எண்ணைத் தந்தது இந்தியாவில் உள்ள ஜிஎஸ்1 கிளை என்பதுதான் பொருள். சரக்கு எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது.

மலிவாக எண் விற்கும் இடைத்தரகர்களிடம் வாங்கினால் கோடு நன்றாகவே ஸ்கேன் ஆகும். சிக்கல் வேறு இடத்தில். ஜிஎஸ்1 பதிவேட்டில் அந்த முன்னொட்டு வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இணையச் சந்தை உங்கள் பொருளைத் திருப்பி அனுப்பிவிடும். 'வெரிஃபைட் பை ஜிஎஸ்1' என்ற பொதுத் தேடலில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். வாங்குமுன் பாருங்கள்.

6. சரிபார்ப்பு இலக்கத்தை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள்

மென்பொருள் தானே போட்டுவிடும், உண்மைதான். ஆனாலும் கணக்குத் தெரியாதவர்கள் ஒரே குழியில் திரும்பத் திரும்ப விழுவதைப் பார்த்ததால் சொல்கிறேன்.

952 என்ற தொடக்கம் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதனால் 952123400001 என்று 12 இலக்கம் எடுத்துக்கொள்வோம். வலது ஓரத்திலிருந்து தொடங்கி 3, 1, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்குங்கள். கடைசி 1க்கு 3. அடுத்த நான்கு பூஜ்யங்களுக்கும் ஒன்றுமில்லை. பிறகு 4ஐ 1ஆல், 3ஐ 3ஆல், 2ஐ 1ஆல், 1ஐ 3ஆல், 2ஐ 1ஆல், 5ஐ 3ஆல், 9ஐ 1ஆல். வருவது 3, 4, 9, 2, 3, 2, 15, 9. கூட்டினால் 47. அடுத்த பத்தின் மடங்கான 50க்கு 3 குறைகிறது. அந்த 3தான் சரிபார்ப்பு இலக்கம், முழு எண் 9521234000013.

எப்போதும் வலமிருந்தே தொடங்குங்கள். இடமிருந்து 1, 3 என்று போனால் 13 இலக்க எண்ணுக்குச் சரியாக வரும். அதே பழக்கத்தில் 12 அல்லது 14 இலக்க எண்ணுக்குப் போட்டால் தப்பாகிவிடும். வலமிருந்து எண்ணுவதில் இன்னொரு வசதியும் உண்டு: இடப்பக்கம் எத்தனை பூஜ்யம் சேர்த்தாலும் சரிபார்ப்பு இலக்கம் மாறாது. அதனால்தான் 12 இலக்க யுபிசியின் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு 13 இலக்கமாகவும், இரண்டு போட்டு 14 இலக்கமாகவும் அச்சமில்லாமல் சேமிக்கலாம்.

கூட்டுத்தொகை சரியாகப் பத்தின் மடங்காகவே வந்தால் சரிபார்ப்பு இலக்கம் 0. பத்து என்று எழுதி எண்ணை ஓர் இலக்கம் நீளமாக்கிவிடாதீர்கள்.

இந்தக் கணக்கு எதைப் பிடிக்கும், எதை விடும்? ஏதாவது ஓர் இலக்கம் தவறினால் கட்டாயம் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருந்தால் பிடிக்காது. 16ஐ 61 என்று தட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள்: ஒன்றில் 1×1 + 6×3 = 19, மற்றதில் 6×1 + 1×3 = 9. இரண்டுக்கும் கடைசி இலக்கம் ஒன்றுதான், எனவே கணக்கு ஏமாந்துவிடும். கையால் தட்டிய எண்ணைச் சரிபார்ப்பு இலக்கம் காப்பாற்றும் என்று முழுதாக நம்ப வேண்டாம்.

இப்போது அந்தக் குழி. சில மென்பொருள்கள் ஈஏஎன் கட்டத்தில் 12 இலக்கம் கொடுத்தால் 13ஆவதைத் தாமே சேர்க்கும். ஒருவர் தன் 12 இலக்க யுபிசியை அப்படியே அதில் போடுகிறார். அதில் ஏற்கெனவே சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அது கடைசியில் இன்னொன்றைச் சேர்த்து ஒரு புத்தம் புது 13 இலக்க எண்ணைத் தரும். கோடு அழகாக ஸ்கேன் ஆகும், எண்தான் வேறு யாருடையதோ. யுபிசியை ஈஏஎன் ஆக்க வேண்டுமானால் பூஜ்யம் முன்னால் போக வேண்டும், பின்னால் எதுவும் சேரக் கூடாது.

7. எண்களைத் தாளில் ஏற்றுங்கள், எக்செல் கெடுக்காமல்

அதிகச் சேதம் இங்கேதான் நடக்கிறது.

எக்செல் இதை ஓர் எண்ணாக நினைத்துக்கொள்கிறது. நமக்கு இது எண் மாதிரி தெரியும் ஒரு பெயர். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை. எனவே ஒட்டுமுன் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

மாற்றாவிட்டால் இரண்டு விதத்தில் கெடும். முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். நீளமான எண் 9.52123E+12 என்று சுருங்கித் தெரியும். இரண்டாவது பார்க்கத்தான் பயமாக இருக்கும், உள்ளே எண் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் எழுதப்பட்டு, மீதி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். திறந்து பார்த்தால் ஒரே முன்னொட்டுள்ள எல்லாப் பொருளும் 9521230000000 என்று நிற்கும். நான் ஒரு முறை இப்படி ஒரு பட்டியலை அனுப்பி, பெற்றவரிடம் அத்தனை பொருளும் ஒரே பொருளாகப் பதிவாகிவிட்டது. அதை அவிழ்த்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

சரியாகச் சேமித்த சிஎஸ்வியையும் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். திறக்கும்போதே எக்செல் பூஜ்யங்களை விழுங்கும். தரவு இறக்குமதி வழியாகப் போய், அங்கே பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லித் திறங்கள். சரக்கு அடுக்குக்குப் போடும் 18 இலக்க எண் இருந்தால் இன்னும் கவனம் தேவை. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, மீதியைப் பூஜ்யமாக்கிவிடும்.

தாளில் எஸ்கேயு, ஜிடிஐஎன், பெயர், நிறம், அளவு, எண் கொடுத்த தேதி, நிலை என்ற பத்திகள் போதும். எஸ்கேயு அமைக்கும்போது பூஜ்யத்தில் தொடங்காதீர்கள். ஓ என்ற ஆங்கில எழுத்தையும் ஐ என்ற ஆங்கில எழுத்தையும் தவிருங்கள், 0, 1 என்ற இலக்கங்களோடு குழம்பும்.

8. பெட்டிக்குத் தனி எண் போடுங்கள்

12 உருப்படி அடங்கிய அட்டைப்பெட்டியின் மேல் உள்ளிருக்கும் ஒன்றின் எண்ணை ஒட்டினால், கிடங்கில் 12 வந்தது 1 என்று பதிவாகும். அதனால்தான் 14 இலக்கம்.

உருப்படியின் 13 இலக்கத்தில் சரிபார்ப்பு இலக்கத்தை நீக்குங்கள். முன்னால் 1 முதல் 8 வரை ஒன்றைச் சேருங்கள். சரிபார்ப்பைப் புதிதாகப் போடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 1 சேர்த்தால் 1952123400001. புதிய 1க்கு 3 பெருக்கம், 47உடன் 3 சேர்ந்து 50. ஆகச் சரிபார்ப்பு இலக்கம் 0, பெட்டி எண் 19521234000010. பழைய 3ஐக் கடைசியில் அப்படியே விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை.

1 என்றால் சிறிய பெட்டி, 2 என்றால் பெரியது என்று பொது விதி எதுவும் கிடையாது. எதை எதற்கு வைத்தீர்கள் என்று தாளில் எழுதி வையுங்கள். 9 மட்டும் எடை மாறும் சரக்குக்கென ஒதுக்கப்பட்டது.

கண்ணாடித்தாள் சுற்றிய கூட்டுப்பொதியில் உள்ளே இருக்கும் கோடுகள் வெளியே தெரியாமல் மறையுங்கள். இல்லையென்றால் காசாளர் எதை ஸ்கேன் செய்வார் என்று சொல்ல முடியாது.

9. எந்தக் கோடு என்று தேர்ந்தெடுங்கள்

எண்ணின் நீளமும் ஸ்கேன் ஆகும் இடமும் இதை முடிவு செய்யும். கடையில் பில் போடும் பொருளுக்கு ஈஏஎன்-13 அல்லது யுபிசி-ஏ. மிகச் சிறிய பொட்டலத்துக்கு ஈஏஎன்-8, அதற்குரிய 8 இலக்க எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், 13ஐ வெட்டி 8 ஆக்க முடியாது. யுபிசி-இ என்றும் ஒன்று உண்டு. பார்க்க 8 இலக்கம், உண்மையில் பூஜ்யங்களைச் சுருக்கி எழுதிய 12 இலக்க எண். அதை ஈஏஎன்-8 என்று பதிந்துவிடாதீர்கள்.

ஈஏஎன்-13ல் முதல் இலக்கம் மட்டும் கோட்டுக்கு வெளியே இடப்பக்கம் தனியாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் கோடே கிடையாது. இடப்பாதியில் உள்ள ஆறு இலக்கங்களை ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வரையலாம். எது எந்த விதத்தில் வரையப்பட்டது என்ற வரிசையைப் பார்த்து ஸ்கேனர் முதல் இலக்கத்தை ஊகிக்கிறது. ஆறும் முதல் விதத்திலேயே இருந்தால் முதல் இலக்கம் 0. யுபிசி-ஏ என்பது அதுவேதான். எனவே ஒரே யுபிசியை ஒரு ஸ்கேனர் 12 இலக்கமாகவும் இன்னொன்று முன்னால் 0 சேர்த்து 13 ஆகவும் அனுப்பும். பட்டியலில் ஒரு வடிவம் மட்டும் இருந்தால் "பொருள் இல்லை" என்று வரும். ஸ்கேனரின் கையேட்டில் இதை மாற்றும் அமைப்பு இருக்கிறது.

அட்டைப்பெட்டிக்கு ஐடிஎஃப்-14. கரடுமுரடான அட்டையில் நேரடி அச்சைத் தாங்கும். சுற்றியுள்ள தடித்த சட்டத்தை அலங்காரம் என்று வெட்டிவிடாதீர்கள். இந்தக் கோட்டைக் குறுக்கே பாதியில் படித்தாலும் ஸ்கேனர் குறைந்த இலக்கத்தோடு ஏற்றுக்கொள்ள வாய்ப்புண்டு, அந்தச் சட்டம் அதைத் தடுக்கிறது.

எஸ்கேயுவைக் கோடாக்க கோட் 128 நல்லது. அதில் தமிழ் எழுத்து ஏறாது, ஆங்கில எழுத்தும் இலக்கமும் சில குறிகளும்தான். கியூஆரில் தமிழ் ஏறும். ஆனால் கணினியோடு இணைந்த ஸ்கேனர் அதை விசைப்பலகை மாதிரி தட்டிக் காட்டும்போது பெரும்பாலும் சிதைந்து வரும். தமிழ்ப் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு குறியை எளிமையாக விடுவதே என் வழக்கம்.

தொகுதி எண்ணும் காலாவதியும் கோட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால் ஜிஎஸ்1-128 அல்லது டேட்டாமேட்ரிக்ஸ். அடுத்து வருவது என்ன தகவல் என்று முன்னால் ஓர் அடையாள எண் சொல்லும்: (01) என்றால் ஜிடிஐஎன், (17) காலாவதி, (10) தொகுதி, (21) வரிசை எண். ஜிடிஐஎன் இங்கே 14 இலக்கமாக இருக்க வேண்டும்: (01)09521234000013(17)271231(10)4521. அடைப்புக்குறிகள் மனிதர் படிக்க மட்டும், கோட்டுக்குள் அவை இல்லை. சாதாரண கோட் 128 கருவியில் அடைப்புக்குறியோடு தட்டி அச்சடித்தவர்கள் உண்டு. தொகுதி எண்ணுக்கு நிலையான நீளம் கிடையாது, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். நடுவில் வைத்தால் அது எங்கே முடிகிறது என்று காட்டத் தனிப் பிரிப்புக் குறி தேவைப்படும்.

10. அளவு, ஓரம், நிறம்

ஈஏஎன்-13இன் இயல்பான அளவில் மிக மெல்லிய கோட்டின் அகலம் 0.33 மி.மீ. ஓரங்களோடு சேர்த்து மொத்த அகலம் 37.29 மி.மீ. இதை 80 சதவீதம் வரை சுருக்கலாம், 200 சதவீதம் வரை பெருக்கலாம். 80 சதவீதத்தில் மெல்லிய கோடு 0.264 மி.மீ., மொத்த அகலம் சுமார் 30 மி.மீ.

இப்போது பிரிண்டர். 203 டிபிஐ லேபிள் பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி போடும், ஒரு புள்ளி 0.125 மி.மீ. அரைப் புள்ளி அதற்குப் போடத் தெரியாது. 2 புள்ளி என்றால் 0.25, அது குறைந்தபட்சத்துக்கும் கீழே. 3 புள்ளி என்றால் 0.375, மொத்த அகலம் 42 மி.மீ.க்கு மேல். அதாவது 38 மி.மீ. அகல ஸ்டிக்கரில் 203 டிபிஐ பிரிண்டரால் முறையான ஈஏஎன்-13 போடவே முடியாது. மென்பொருளில் இழுத்துப் பொருத்தினால் திரையில் பொருந்தும், அச்சில் சில கோடு 2 புள்ளி, சில கோடு 3 புள்ளி என்று தாறுமாறாக வரும். 300 டிபிஐயில் 4 புள்ளிக்கு 0.339 மி.மீ., மொத்தம் சுமார் 38.3. பிரிண்டரையும் இடத்தையும் முதலிலேயே பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

இருபக்க வெற்று ஓரமும் கோட்டின் ஒரு பகுதியே. இடப்பக்கம் மெல்லிய கோட்டைப்போல் 11 மடங்கு, வலப்பக்கம் 7 மடங்கு. இயல்பான அளவில் முறையே 3.63 மி.மீ., 2.31 மி.மீ. கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனர் தெரிந்துகொள்வது இந்த வெறுமையை வைத்துத்தான். சில கோடுகளின் வலக்கடைசியில் எண்ணுக்குப் பின் '>' குறி இருக்கும். அந்த ஓரத்தை வடிவமைப்பாளர் தின்றுவிடாமல் இருக்கவே அது. பொட்டலம் வடிவமைப்பவர்கள் கோட்டைச் சுற்றிப் பெட்டி வரைவதில் பெரிய ஆசை உள்ளவர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறத்தில் ஒரே விஷயம்: ஸ்கேனர் சிவப்பு ஒளியில் பார்க்கிறது. சிவப்புக் கோடு வெள்ளைத்தாளில் அதற்குத் தெரியவே தெரியாது. ஆரஞ்சு, மஞ்சளும் அப்படியே. அதே காரணத்தால் சிவப்புப் பின்னணியில் கறுப்புக் கோடு வேலை செய்யும். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை கோட்டுக்கு ஏற்றவை. பளபளக்கும் உலோகத்தாளிலும் ஊடே தெரியும் தாளிலும் கோட்டுக்குக் கீழே வெள்ளை அடித்தளம் போட வேண்டும்.

வளைந்த புட்டியில் கோடுகள் ஏணிப் படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி திருப்பி ஒட்டுங்கள். நிற்கும் வேலிபோல் ஒட்டினால் ஓரக் கோடுகள் வளைவில் மறைந்துவிடும்.

அச்சகத்துக்கு ஜேபிஜி படம் அனுப்பாதீர்கள். அளவை மாற்றினாலும் மங்காத வெக்டர் கோப்பாகக் கொடுங்கள். படத்தை இழுத்துச் சுருக்கும்போது கோட்டின் விளிம்பு மங்கும், அகல விகிதம் குலையும்.

11. ஆயிரம் அச்சடிக்குமுன் பத்து அச்சடித்துச் சோதியுங்கள்

நிஜத் தாளில், நிஜ பிரிண்டரில், நிஜப் பொட்டலத்தில் ஒட்டிப் பாருங்கள். கணினியில் நோட்பேடைத் திறந்து ஸ்கேன் செய்யுங்கள். வரும் எண்ணையும் அச்சில் உள்ள எண்ணையும் 7ஆம் படித் தாளில் உள்ள எண்ணையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். பீப் சத்தம் வந்ததும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. தப்பான எண்ணும் அதே சத்தத்தோடுதான் வரும். ஓர் இலக்கம் குறைந்து வந்தால் ஸ்கேனர் சரிபார்ப்பு இலக்கத்தை அனுப்பாத அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைபேசி கேமராவில் படிப்பது சோதனை ஆகாது. அது பல படங்களை எடுத்து, மங்கலையும் கோணலையும் மன்னித்துப் படிக்கும். கடை ஸ்கேனருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பெரிய கடைகளுக்குப் போகும் சரக்கென்றால் தரம் அளக்கும் கருவியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது 4 முதல் 0 வரை மதிப்பெண் தரும். கடைப் பொருள்களுக்கு 1.5க்குக் குறையக் கூடாது.

12. பொருளை நிறுத்தினாலும் எண்ணை எடுத்து வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்

விற்பனை நின்ற பொருளின் எண் சும்மாதானே கிடக்கிறது என்று புதுப் பொருளுக்குக் கொடுக்கத் தோன்றும். 2019 முதல் ஜிஎஸ்1 விதி இதை அனுமதிப்பதில்லை. பழைய பொருள் யாரோ ஒருவரின் அலமாரியிலும் பல இணையப் பட்டியல்களிலும் அந்த எண்ணிலேயே இருந்துகொண்டிருக்கும். தாளில் அந்த வரியை அழிக்காமல், நிலைப் பத்தியில் 'நிறுத்தப்பட்டது' என்று தேதியோடு எழுதி வைத்துவிட்டு, புதுப் பொருளுக்கு அடுத்த எண்ணை எடுங்கள்.